ஸ்கேன் எடுப்பதற்கு முன்பும் பின்பும்: படத்திலிருந்து முழுப் பயன் பெற ஒரு வழிகாட்டி

ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கணினித் திரைக்கு முன்னால் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். படம் எடுப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு ஸ்கேன் நோயாளிக்கு உதவப் போகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அவர் மேசையில் படுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மீதி, ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு முடிவாகிறது. நடுவில் இயந்திரம் ஓடும் அந்த இருபது, முப்பது நிமிடத்தில் கெட்டுப்போவது குறைவு. ஆனால் எல்லோரும் கவலைப்படுவது அந்த முப்பது நிமிடத்தைப் பற்றித்தான்.

இந்த வழிகாட்டி நோயாளிக்கும், கூட வரும் குடும்பத்தாருக்கும். வரிசை முக்கியம், மூன்றாவது படியில் விட்டதை ஒன்பதாவது படியில் சரிசெய்வது கஷ்டம். இது நேரம் குறித்து எடுக்கும் ஸ்கேனுக்கு மட்டுமே. பக்கவாதம், விபத்து, மூச்சுத்திணறல், தாங்க முடியாத திடீர் வலி என்றால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

1. இந்தப் படம் எதை முடிவு செய்யப் போகிறது?

டாக்டர் ஸ்கேன் எழுதியதும் கேட்க வேண்டிய கேள்வி: "இதில் ஏதாவது தெரிந்தால் என்ன செய்வோம்? ஒன்றுமே தெரியாவிட்டால் என்ன செய்வோம்?" இரண்டுக்கும் ஒரே சிகிச்சைதான் என்று பதில் வந்தால், அந்த ஸ்கேனைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று தாராளமாகக் கேட்கலாம். இதை எதிர்த்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

முதுகுவலிதான் இதற்குச் சரியான உதாரணம். சாதாரண இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டாம் என்றுதான் பல நாட்டு மருத்துவ வழிமுறைகளும் சொல்கின்றன. பெரும்பாலோருக்கு அதற்குள் வலி குறைந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு: காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, பலமாகக் கீழே விழுந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

"எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. பார்த்துவிடுவோமே, நஷ்டம் ஒன்றும் இல்லையே?" என்பார்கள். நஷ்டம் உண்டு. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களை அலசிய ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் அது 84 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு இது! ஆக, வலி இருக்கும் ஒருவரின் படத்தில் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தால், வலிக்குக் காரணம் அதுதான் என்று அந்தப் படத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்தவர் குனியவே பயப்பட ஆரம்பித்துவிடுவார். அப்படிப் பயந்து நடையையே குறைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. எந்த ஸ்கேன்?

பெரிய இயந்திரம் என்றால் நல்ல பதில் என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்களின் முதல் தவறு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தெரிவது வேறு, தெரியாதது வேறு.

பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்ட்தான் முதலில். சி.டி.யில் (எக்ஸ்ரே கதிரை வைத்து உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டும் ஸ்கேன்) பல கற்கள் கண்ணுக்கே படாது. சிறுநீரகக் கல்லோ நேர்மாறு: ஊசி மருந்து (ரத்தக்குழாயும் உறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரிய ஏற்றுவது) போடாத சி.டி.யில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதே சி.டி.யை மருந்து போட்டு, அந்த மருந்து சிறுநீரகத்தில் இறங்கிய பிறகு எடுத்தால், மருந்தும் வெள்ளை, கல்லும் வெள்ளை, கல் மறைந்துகொள்ளும். வயதானவரின் முழங்கால் வலிக்கு, நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரே சொல்வதை விடப் படுத்துக்கொண்டு எடுத்த எம்.ஆர்.ஐ. அதிகம் சொல்லிவிடாது. தசைநார் கிழிந்ததா என்று பார்க்க வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

கதிர்வீச்சு இருப்பது எக்ஸ்ரே, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), சி.டி., பெட் ஸ்கேன் (கதிர் வெளியிடும் மருந்தை உடம்பில் ஏற்றி எடுப்பது) ஆகியவற்றில். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கிடையாது. அளவைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு: மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே உலகில் ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் 0.1 அல்லது அதற்கும் குறைவு. தலை சி.டி.யில் சுமார் 2. வயிற்று சி.டி.யில் சுமார் 8 முதல் 10. ஊசிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று எடுத்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தேவையான சி.டி.யை இந்தக் கணக்கைக் காட்டி மறுக்காதீர்கள், அதே சமயம் "இரண்டு தடவையும் எடுக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

குழந்தை என்றால் இன்னும் ஒன்று கேளுங்கள்: "குழந்தையின் எடைக்கேற்பக் கதிரைக் குறைத்து வைப்பீர்களா?" பெரியவர்களுக்கான அளவில் குழந்தைக்கு எடுக்க அவசியமே இல்லை.

3. பழைய படங்களைத் தேடி எடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் வீட்டிலேயே நடந்தது.

என் தாய்மாமாவுக்கு இருமல். நெஞ்சு சி.டி.யில் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்ன முடிச்சு. ரிப்போர்ட்டின் கடைசியில், "ஒப்பிட முந்தைய படங்கள் இல்லை, மூன்று மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்க்கவும்." மூன்று மாதம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. அப்புறம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது நான்கு வருடத்துக்கு முன் வேறு ஏதோ காரணத்துக்கு எடுத்த நெஞ்சு சி.டி.யின் படங்கள் பதிந்த டிஸ்க் (கணினியில் போட்டுப் பார்க்கும் தட்டு) கிடைத்தது. அதே இடத்தில், அதே அளவில் அதே முடிச்சு. ரேடியாலஜிஸ்ட் (படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அந்த டிஸ்க்கைத் தேட வேண்டும் என்று முன்பே தோன்றவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

காரணம் எளிது. ஒற்றைப் படத்தில் "இருக்கிறதா, இல்லையா" என்பது மட்டும்தான் தெரியும். "வளர்கிறதா?" என்பதற்கு இரண்டு படம் வேண்டும். நுரையீரலில் இருக்கும் கெட்டியான முடிச்சு இரண்டு வருடம் மாறாமல் இருந்தால், பொதுவாக அது ஆபத்தில்லாதது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

என்ன கொண்டுபோவது? முதலில் டிஸ்க் அல்லது பென் டிரைவ், அது இல்லாவிட்டால் ஃபிலிம், கூடவே பழைய ரிப்போர்ட். ரிப்போர்ட் மட்டும் போதாது. இரண்டு பேர் ஒரே முடிச்சை அளந்தால் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும், அது வளர்ச்சியா அளவுப் பிசகா என்பதைப் படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கைப்பேசியில் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவை நீட்டுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முக்கியமான விஷயம், ஸ்கேனுக்கு முன்பே கொடுங்கள். ரிப்போர்ட் எழுதி முடித்த பிறகு கொடுத்தால், திரும்பத் திறந்து ஒப்பிட்டுக் கூடுதல் குறிப்பு எழுத வேண்டும். கேட்டால் செய்வார்கள், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

4. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் போடுவதற்கு முன் ஒரு தடவை படியுங்கள். படம் எடுப்பவருக்கும் படித்துச் சொல்பவருக்கும் உங்களைப் பற்றிப் பெரும்பாலும் அந்த ஒரு சீட்டுதான் தெரியும்.

"எம்.ஆர்.ஐ. மூளை. தலைவலி." இப்படித்தான் பாதிச் சீட்டுகள் வரும். இதை வைத்து நான் வழக்கமான வரிசையில் படங்களை எடுத்துவிடுவேன். அந்த நோயாளிக்கு உண்மையில் வலது கன்னத்தில் மின்னல் வெட்டுவது போல வலி என்றால், முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பை மெல்லிய துண்டுகளாகக் காட்டும் தனி வரிசை ஒன்று உண்டு, அதைச் சேர்த்திருப்பேன். பிட்யூட்டரி சுரப்பி சந்தேகம் என்றால் வேறு வரிசை. வலிப்பு என்றால் இன்னொன்று. "மூளை எம்.ஆர்.ஐ." என்ற ஒரே பெயருக்குள் இத்தனை இருக்கின்றன, கேள்விதான் எதை எடுப்பது என்று முடிவு செய்கிறது. கேள்வி தவறினால், ஒன்றுமில்லை என்று வரும் ரிப்போர்ட்டும் உங்கள் பிரச்சினைக்கான பதில் ஆகாது.

சீட்டில் இருக்க வேண்டியவை: எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு நாளாக, முன்பு என்ன அறுவை சிகிச்சை, என்ன சந்தேகம். "வலது மணிக்கட்டு, மூன்று நாள் முன் கை ஊன்றி விழுந்தார், கட்டைவிரல் அடியில் அழுத்தினால் வலி, எலும்பு முறிவா?" இதைப் படித்த ரேடியாலஜிஸ்ட் எந்தச் சின்ன எலும்பை உற்றுப் பார்க்க வேண்டும் என்று உடனே தெரிந்துகொள்வார். "கை வலி" என்று மட்டும் இருந்தால்?

சீட்டில் இல்லாததை நீங்களே ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். வாய்வழியாகச் சொன்னால் அது டெக்னீஷியனோடு நின்றுபோகும். ரிப்போர்ட் எழுதுபவர் வேறு அறையில், சில சமயம் வேறு ஊரில் இருப்பார்.

5. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை

கர்ப்பம், அல்லது இருக்கலாமோ என்ற சந்தேகம். இதை முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், மேசையில் ஏறும்போது வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. என்றால் உடம்புக்குள் இருக்கும் எல்லா உலோகமும்: பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, ஸ்டென்ட், எலும்பில் தகடு. பெரும்பாலானவற்றோடு பத்திரமாக எடுக்க முடியும், இன்றைய பேஸ்மேக்கர்களில் பலவற்றோடும்கூட. ஆனால் எந்த மாடல் என்று தெரிய வேண்டும். கருவி பொருத்தியபோது ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள், அதுதான் வேண்டும். அது இல்லாமல் வந்து திரும்பிப் போனவர்கள் எண்ணிக்கையில் அடங்காது. வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். காந்தம் அதை நகர்த்திவிடும். எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு ஓய்வே கிடையாது, படம் எடுக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஊசி மருந்து போடுவதாக இருந்தால் சிறுநீரகம் பற்றிச் சொல்லுங்கள், சமீபத்திய கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லோரும் அதை நிறுத்த வேண்டும் என்று பொதுவாக ஒரு பேச்சு இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் எண் (இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழே இருந்தால், சி.டி.க்கான அயோடின் மருந்து போடும்போது நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முன்பு இதே மாதிரி ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அது மிக முக்கியம். மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி கூடாது என்பது பழைய நம்பிக்கை. அந்த ஒவ்வாமைக்கும் அயோடினுக்கும் சம்பந்தமில்லை.

6. முந்தைய நாளும் அன்று காலையும்

காரணம் தெரிந்தால் விதியை மறக்க மாட்டோம். அதனால் காரணத்தோடே சொல்கிறேன்.

வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தால் தெரியாது. குடலில் வாயு நிறைந்தால் பின்னால் இருக்கும் கணையம் மறைந்துவிடும். "ஒரே ஒரு டீதான் குடித்தேன்" என்பார்கள். பால் சேர்த்த டீயும் பித்தப்பையைச் சுருக்கும்.

அடிவயிற்று அல்ட்ராசவுண்டுக்கு நேர்மாறாக, சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பைதான் குடலை ஒதுக்கி, கருப்பையைப் பார்க்க ஜன்னல் மாதிரி வேலை செய்கிறது. ஒரு மணி நேரத்துக்கு முன் மூன்று நான்கு டம்ளர் தண்ணீர், அப்புறம் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். வரிசையில் காத்திருக்கும்போது தாங்கவே முடியவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், முன்னால் அனுப்புவார்கள். பேசாமல் போய் இருந்துவிட்டு வந்தால் இன்னொரு மணி நேரம் உட்கார வேண்டும்.

மேமோகிராம் அன்று அக்குளில் டியோடரண்டும் பவுடரும் வேண்டாம். அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரியும், மறுபடி எடுக்க நேரும். மாதவிடாய் வருபவர்கள் அது முடிந்த அடுத்த வாரத்தில் நேரம் வாங்கினால் அழுத்தும்போது வலி குறைவு.

பெட் ஸ்கேனில் போடுவது சர்க்கரை மாதிரியான மருந்து. சாப்பிட்டிருந்தாலும், ரத்தச் சர்க்கரை கூடியிருந்தாலும், முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும் அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் தசையில் போய்ச் சேரும். பொதுவாகச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் தேதியை மாற்றிவிடுவார்கள். குளிரில் நடுங்கினாலும் படம் குழம்பும், அதனால் ஒரு போர்வை கொண்டுபோங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குச் சாதாரணப் பருத்தி உடை. உடம்பில் ஒட்டும் மருந்துப் பட்டை, சர்க்கரை பார்க்கும் சென்சார், கொண்டை ஊசி, காது கேட்கும் கருவி எல்லாம் கழற்ற வேண்டும். சில மருந்துப் பட்டைகளின் பின்புறம் மெல்லிய உலோகத் தகடு இருக்கும், சில விளையாட்டு உடைகளில் வெள்ளி இழை இருக்கும். இரண்டும் சூடாகித் தோலைச் சுடும்.

7. மேசையின் மேல்

அசையாமல் இருப்பதுதான் உங்கள் ஒரே வேலை. அதற்கு முதலில் வசதியாகப் படுக்க வேண்டும். முதுகு வலித்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள். தொடங்கும் முன் கேட்டால் ஒரு நிமிடம், நடுவில் நெளிந்தால் முழு வரிசையும் திரும்ப எடுக்க வேண்டும்.

மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், 15, 20 விநாடி வரை. வீட்டில் படுத்துக்கொண்டு நாலு தடவை பழகிப் பாருங்கள். முடியாது என்றால் முன்பே சொல்லுங்கள், சின்னச் சின்னப் பகுதிகளாக எடுக்கலாம்.

சி.டி. ஊசி ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் சரியாக அந்த நொடியில் திடுக்கிட்டு அசைவார்கள். அந்த நொடியில்தான் நான் படம் எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஊசி போட்ட இடத்தில் வலியும் வீக்கமும் வந்தாலோ, அரித்தாலோ, மூச்சு இறுக்கினாலோ அடக்கிக்கொள்ள வேண்டாம், உடனே குரல் கொடுங்கள்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் பயம் வருபவர்கள் உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளுங்கள், முழுக்க வெளியே வரும்வரை திறக்காதீர்கள். ஒரு தடவை கண்ணைத் திறந்து மேலே பார்த்துவிட்டால் அப்புறம் கஷ்டம். கையில் அழுத்தும் பல்ப் கொடுப்பார்கள், அழுத்தினால் நிறுத்துவோம். தூக்க மருந்து வேண்டுமானால் முன்பதிவின்போதே கேளுங்கள், வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் கூட வர வேண்டும்.

8. கிளம்பும் முன்

ஃபிலிமோடு கிளம்பிவிடாதீர்கள். சி.டி.யில் சில நூறு படங்கள் இருக்கும், ஃபிலிமில் அச்சாவது அதில் பொறுக்கி எடுத்த சில. முழுப் படங்களையும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள கோப்பு வகை) வடிவத்தில் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். (இங்கே ஒரு குழப்பம் தினமும் நடக்கும்: "சி.டி. வேண்டும்" என்றால் ஸ்கேனா தட்டா என்று புரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க டிஸ்க் என்றே எழுதுகிறேன்.) வெறும் போட்டோ வடிவத்தில் கொடுத்தால் அதில் அளக்க முடியாது, வெளிச்சத்தை மாற்றி எலும்பையும் நுரையீரலையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

டிஸ்க்கில் இருப்பது உங்கள் பெயர்தானா, எடுத்த தேதி சரியா என்று அங்கேயே பாருங்கள்.

9. ரிப்போர்ட்டைப் படிக்கும் வரிசை

எல்லோரும் கடைசிப் பத்திக்குத் தாவுவார்கள். முதலில் மேலே இருந்து தொடங்குங்கள்.

பெயர், வயது, தேதி, எந்தப் பக்கம். அடுத்து, எதற்காக எடுத்தது என்று ஒரு வரி இருக்கும். உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா? அடுத்து ஒப்பீடு: நீங்கள் கொடுத்த பழைய படத்தின் தேதி அங்கே வந்திருக்க வேண்டும். "இல்லை" என்று இருந்தால் உங்கள் டிஸ்க் மேசையிலேயே தூங்குகிறது என்று அர்த்தம். அன்றே போய்க் கேளுங்கள்.

பிறகு உறுப்பு வாரியான விவரம், அப்புறம் முடிவுரை. மேலே "இடது" என்றும் கீழே "வலது" என்றும் வந்தால் யாரோ பேசும்போதோ தட்டும்போதோ தவறியிருக்கிறது. ஏற்கெனவே தயாராக இருக்கும் வார்ப்புருவில் எழுதுவதால் வேடிக்கைகளும் நடக்கும்: பித்தப்பையை எடுத்துப் பத்து வருடம் ஆனவருக்கு "பித்தப்பை இயல்பாக உள்ளது" என்று வந்ததை நானே பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு விடாதீர்கள். அந்த ஒரு வரி தவறு என்றால் மற்ற வரிகளையும் மறுபடி பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. திருத்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சில சொற்கள் பயமுறுத்தும். "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்றால் நல்ல செய்தி. "நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும்" என்றால், படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று பொருள். மேமோகிராமில் 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 0 என்பது இன்னும் படம் தேவை என்பதற்கான எண், நோயைக் குறிப்பது இல்லை. 3 என்றால் அநேகமாக ஆபத்தில்லாதது, புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, குறுகிய இடைவெளியில் திரும்பப் பார்ப்பார்கள். 4, 5 என்றால் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

10. கேட்காமலே கிடைத்தவை

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த படத்தில் கல்லீரலில் ஒரு புள்ளி, கழுத்து வலிக்காக எடுத்ததில் தைராய்டில் ஒரு கட்டி. இது ஸ்கேனோடு கூடவே வருவது. படம் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு இவையும் கிடைக்கும்.

இரண்டு விதமான தவறு இங்கே. ஒன்று, ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடுவது. சிறுநீரகத்தில் வெறும் நீர்க்கட்டி என்பது வயதாக ஆகப் பலருக்கும் வருவது. எளிய நீர்க்கட்டி என்று தெளிவாக எழுதியிருந்தால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டாம். புகைபிடித்தல் போன்ற அபாயக் காரணங்கள் இல்லாத, புற்றுநோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ இல்லாத 35 வயதுக்கு மேற்பட்டவருக்கு நுரையீரலில் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக ஒரு கெட்டியான முடிச்சு இருந்தால், வழக்கமான மறுபரிசோதனை தேவையில்லை என்கிறது பலரும் பின்பற்றும் 2017-ம் ஆண்டு வழிமுறை.

இன்னொரு தவறு மறந்துவிடுவது, என் அனுபவத்தில் அதுதான் ஆபத்தானது. கல் வலி போய்விடும். கல்லுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கல் போனதும் வேலை முடிந்தது என்பார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்த "ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்" என்பது யாருடைய பொறுப்பும் இல்லாமல் கோப்புக்குள் போய்விடும். அதனால் வலி போயிருந்தாலும், "இதில் இன்னொன்றும் எழுதியிருக்கிறதே, இதை யார் பார்ப்பது, எப்போது?" என்று கேட்டு, பெயரும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

11. டாக்டரிடம் திரும்பிப் போகும்போது

ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பிவிட்டு "நார்மல்தானே?" என்று கேட்டு முடிக்காதீர்கள். முதல் படியில் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள்: நாம் தேடியது கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் என் வலிக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்? அடுத்தது என்ன? முடிந்தால் படத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்த பிறகு பயம் பாதியாகக் குறைவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

மறுபரிசோதனை உண்டு என்றால், தேதியை அங்கேயே கைப்பேசி நாள்காட்டியில் போடுங்கள், வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் போடுங்கள். முடிந்தால் அதே இடத்தில், அதே வகை ஸ்கேனாக எடுங்கள். அல்ட்ராசவுண்டில் அளந்ததையும் சி.டி.யில் அளந்ததையும் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சி தெரியாது, குழப்பம்தான் தெரியும்.

வேறு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் புது ஸ்கேன் எடுக்கும் முன், இருக்கும் டிஸ்க்கையே காட்டி "இது போதுமா?" என்று கேளுங்கள். பல சமயம் போதும். அதற்காகத்தான் டிஸ்க் கிடைத்த அன்றே கணினியில் ஒரு பிரதி எடுத்து, தேதியும் உடல் பகுதியும் போட்டுப் பெயர் வைத்துவிட வேண்டும். காட்டப் போகும் இடத்தில் பிரதியைக் கொடுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், அது திரும்பி வராது.